பன்னிரண்டுக்குப் பத்து

கூடைப்பந்து ஆட்டம் ஒன்று 12–10 என்ற புள்ளிக் கணக்கில் முடிந்ததென்றால் நம்புவீர்களா? அமெரிக்காவில் கல்லூரிகள் கூட்டமைப்புகளாகச் சேர்ந்து ஆண்டுதோறும் போட்டி நடத்துகின்றன. 1968-இல் சார்லட் நகரில், அட்லாண்டிக் கடற்கரைக் கூட்டமைப்பின் அரையிறுதியில், வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக அணி டியூக் அணியை வென்ற கணக்கு அது. அப்போட்டியின் வரலாற்றில் அதுவே மிகக் குறைவு. பாதி ஆட்டத்தில் 4–2 தான்!

வென்றவர்கள் பந்தை எறியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்கள். இத்தனை வினாடிக்குள் எறிய வேண்டும் என்ற விதி அன்று இல்லை.

இனி 2009-க்கு வாருங்கள். நியூயார்க்கில் பிக் ஈஸ்ட் கூட்டமைப்பின் காலிறுதி. ஆறு முறை கூடுதல் நேரம் ஆடி, சிராக்யூஸ் 127, கனெக்டிகட் 117!

"நேரம் நீண்டது, புள்ளியும் கூடியது" என்பீர்கள். வகுத்துப் பாருங்கள். 1968-இல் 40 நிமிடத்தில் 22 புள்ளிகள், நிமிடத்துக்கு 0.55. 2009-இல் 70 நிமிடத்தில் 244. நிமிடத்துக்கு ஏறத்தாழ 3.5. முதல் 40 நிமிடத்தை மட்டும் (71–71) எடுத்தாலும் அதே 3.5 தான்!

வெப்பநிலையைக் குறிக்காமல் கம்பியின் மின்தடையை மட்டும் எழுதிவரும் மாணவரின் குறிப்பேட்டை நான் திருப்பித் தருவதுண்டு. சாதனைப் பட்டியல்களோ, விதியைக் குறிக்காமலே அச்சாகின்றன. ஆடவர் ஆட்டத்தில் 1985-86 பருவத்தில் 45 வினாடிக் கெடு வந்தது. 1993-இல் 35, 2015-இல் 30 வினாடி ஆயிற்று. இடையே, தொலைவிலிருந்து எறிந்தால் 3 புள்ளி என்பதும் சேர்ந்தது.

40 நிமிடம் என்பது 2400 வினாடி. 30-ஆல் வகுத்தால், இரு அணிக்கும் சேர்த்துக் குறைந்தது 80 வாய்ப்புகள். அதில் 22 புள்ளிக்கும் குறைவாக எடுப்பதற்கு இரண்டு அணிகளுமே மிக மோசமாக எறிய வேண்டியிருக்கும்!