மெகாபிக்சலை விடுங்கள், சுழற்சியைக் கேளுங்கள்

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் புதிதாகச் சந்தைக்கு வரும் கைப்பேசிகளுக்கும் டேப்லட்டுகளுக்கும், நம் மலேசியாவில் குளிர்சாதனப் பெட்டிகளில் ஒட்டப்படும் நட்சத்திரச் சீட்டைப் போன்ற ஒரு சீட்டு கட்டாயமாகிவிட்டது. ஒரு சார்ஜில் எத்தனை மணி நேரம் ஓடும், விழுந்தால் எவ்வளவு தாங்கும், பழுதுபார்ப்பது எளிதா என்பவற்றோடு, விளம்பரங்கள் பெரிதாகப் பேசாத ஓர் எண்ணும் அதில் இருக்கிறது. பேட்டரியை எத்தனை முறை முழுதாக ஏற்றி இறக்கும்வரை அதன் கொள்ளளவில் 80 விழுக்காடாவது மிஞ்சும் என்பதே அந்த எண். சட்டம் கேட்கும் குறைந்த அளவு 800 சுழற்சி. மலாக்காவில், புக்கிட் ரம்பாய் தொழிற்பேட்டையில் ஷிப்டு வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் தனக்கொரு கைப்பேசியும் பிள்ளைக்கொரு டேப்லட்டும் வாங்க நினைப்பவர், போட்டி போடும் இரண்டு கருவிகளை ஒப்பிட இதைவிட நல்ல எண் இல்லை என்பது என் கட்சி. மெகாபிக்சலும் செயலியின் வேகப் புள்ளிகளும் வாங்கிய முதல் நாளைப் பற்றிப் பேசுகின்றன. சுழற்சி எண் மூன்றாம் ஆண்டைப் பற்றிப் பேசுகிறது.

அந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கும் வேதியியல் அழகானது. சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் கிராஃபைட்டின் அடுக்குகளுக்குள் புகுகின்றன. ஆனால் அங்கே நிலவும் மின்னழுத்தத்தில், பேட்டரிக்குள் இருக்கும் கரிமத் திரவத்தால் நிலைத்திருக்க முடியாது. கிராஃபைட்டின் பரப்பில் அது சிதைந்துபோகிறது. அப்படிச் சிதைந்த பொருளே சில பத்து நானோமீட்டர் தடிப்பில் படலமாகப் படிந்து, மேற்கொண்டு சிதைவு நடக்காமல் காக்கிறது. லித்தியம் அயனிகளை உள்ளே விடும், எலக்ட்ரான்களை வெளியே விடாது. யாரும் வடிவமைத்துப் பூசாமல் தானே அமைந்த காவல் இது. ரப்பர் மரத்தில் வெட்டிய இடத்தில் பால் உறைந்து காயத்தை மூடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். மூடுவதற்கு மரத்தின் பாலே செலவாகிறது. இங்கே படலம் கட்ட லித்தியமே செலவாகிறது. அப்படிச் சிக்கிய லித்தியம் மறுபடி வேலைக்கு வராது. படலம் முழுதாக அடைத்துவிடுவதும் இல்லை. ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்லத் தடிக்கிறது, சூட்டில் வேகமாகத் தடிக்கிறது. விடியற்காலைக் குளிர்ச்சியில் மரம் வெட்டினால்தான் மங்கு நிறையும் என்பது தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். பேட்டரிக்கும் குளிர்ந்த நேரத்து சார்ஜ்தான் ஒத்துக்கொள்கிறது. பால் அதிகம் வடிய பட்டையில் மருந்து பூசி அளவு மீறினால், பட்டை வறண்டு பால் நின்றுபோகும். சூடு தணியவிடாமல் அதிவேக சார்ஜை நாள்தோறும் திணிப்பதும் அந்த வகைதான். ஒரே ஒரு வேறுபாடு, மரத்துக்குச் சில ஆண்டுகளில் புதுப்பட்டை வளரும், பேட்டரிக்கு வளராது.

இந்தப் படலத்தைப் புரிந்துகொண்டால் இன்றைய பெரிய விளம்பரம் ஒன்றையும் எடைபோடலாம். 'சிலிக்கான்-கார்பன் பேட்டரி' என்று இப்போது பல சீன நிறுவனங்கள் கூவுகின்றன. ஹானர் நிறுவனம் 2023இல் சீனாவில் விற்ற மேஜிக்5 ப்ரோவில் இது வந்தது. ஒரு கிராம் கிராஃபைட் 372 மில்லி ஆம்பியர்-மணி அளவுக்கு லித்தியத்தை ஏற்கும். சிலிக்கான் ஏறக்குறைய பத்து மடங்கு ஏற்கும். உண்மைதான். ஆனால் முழுதாக ஏற்றால் சிலிக்கான் மூன்று மடங்குக்கும் மேல் வீங்குகிறது, இறக்கும்போது சுருங்குகிறது. ஒவ்வொரு முறையும் படலம் கிழிந்து, புதிய படலத்துக்குப் புதிதாக லித்தியம் போகிறது. காலைதோறும் ஒட்டுப்பாலை உரித்து மறுபடி வெட்டினால் பால் கசிவதைப் போல. அதனால்தான் சிலிக்கானைச் சிறிதளவே கலந்து கார்பனுக்குள் அடக்கிவைக்கிறார்கள். ஆகவே 6000, 7000 என்று அட்டைப்பெட்டியில் மில்லி ஆம்பியர்-மணியைப் பார்த்ததும் மயங்காமல், எத்தனை சுழற்சி என்று கேட்க வேண்டும்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். படலத்துக்கு விளக்கம் தந்து பெயரிட்டவர் இமானுவேல் பெலெட், 1979இல். சோனி 1991இல் லித்தியம் அயனி பேட்டரியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இந்தப் பேட்டரியை உருவாக்கியதற்காக 2019இல் குடினஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. மலாக்காவின் பத்து பெரெண்டாமில் 1970களிலேயே மின்னணுத் தொழிற்சாலைகள் வந்துவிட்டதால், கருவியின் உள்ளே இருப்பதைக் கேட்டறியும் உரிமை இந்த ஊர்க்காரர்களுக்குக் கூடுதலாகவே உண்டு.

இனி மறுப்புகள். ஆய்வகத்தின் மிதமான அறையில் அளந்த எண் மலாக்கா வெயிலுக்குப் பொருந்துமா? அப்படியே பொருந்தாது. ஐபோனைப் பயன்படுத்தத் தகுந்த சுற்றுப்புற வெப்பநிலை 0 முதல் 35 டிகிரி வரை என்கிறது ஆப்பிள். நம் நண்பகல் சாதாரணமாகவே 32, 33ஐத் தொடுகிறது. வெயிலில் நிறுத்திய காரிலும், வழிகாட்டிக்காக மோட்டார் சைக்கிள் கைப்பிடியில் மாட்டிய கைப்பேசியிலும் சூடு அந்த எல்லையை எளிதாகத் தாண்டும். லித்தியம் பேட்டரிகளைப் பற்றிப் பரவலாக எடுத்துக்காட்டப்படும் அட்டவணை ஒன்று, பேட்டரியை ஓராண்டு சும்மா வைத்திருந்தால் என்னவாகும் என்று காட்டுகிறது. 25 டிகிரியில், 40 விழுக்காடு சார்ஜில் வைத்தால் கொள்ளளவில் 96 விழுக்காடு மிஞ்சும். 40 டிகிரியில் முழு சார்ஜில் வைத்தால் 65 தான். எனவே நாளுக்கு ஒரு சுழற்சி என்று கணக்கிட்டு, 1000 சுழற்சியை இரண்டே முக்கால் ஆண்டு என்று இங்கே அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் நாம் கேட்பது இரண்டில் எது மேல் என்பதைத்தானே? வெயில் இரண்டையும் சுடும். 800க்கும் 1000க்கும் உள்ள இடைவெளியைக் காட்ட வேறு அளவுகோல் சீட்டில் இல்லை.

எண்ணை அறிவிப்பது தயாரிப்பாளரே ஆயிற்றே என்பது அடுத்த மறுப்பு, இது வலுவானது. சோதனை முறையில் தெளிவில்லை என்று கூறி, ஆற்றல் திறனில் 'ஏ' கிடைத்திருக்க வேண்டிய தன் ஐபோன்களுக்கு ஆப்பிள் தானாகவே 'பி' போட்டுக்கொண்டது. ஆகவே எழுத்துத் தரத்தைவிடச் சுழற்சி எண்ணை நம்புவேன், ஏனெனில் அதை எண்ணிப் பார்த்து மெய்ப்பிக்கவோ மறுக்கவோ முடியும். பெயர் ஒன்றாக இருந்தாலும் கருவி ஒன்றல்ல என்பதையும் மறக்கக் கூடாது. ஷாவ்மி 15 அல்ட்ரா சீனாவில் 6000, ஐரோப்பாவில் 5410 மில்லி ஆம்பியர்-மணி. இந்தச் சீட்டுகளைப் பதிவுசெய்யும் ஐரோப்பியத் தரவுத்தளத்தைப் பார்ப்பவர், இங்கே விற்கும் கருவியின் மாடல் எண்ணும் பேட்டரி அளவும் அதேதானா என்று சரிபார்க்க வேண்டும். பேட்டரியை மாற்றிக்கொள்ளலாமே என்பவர்களுக்கு ஒரே பதில்: ஒட்டி மூடிய கருவியைத் திறப்பதற்கும் சரியான பாகம் கிடைப்பதற்கும் ஆகும் செலவையும் விலையோடு கூட்டுங்கள். மலிவான கருவியில் அந்தச் செலவு வாங்கிய விலையை நெருங்கிவிடும்; குறைந்த பணத்தில் வாங்குபவருக்குத்தான் இந்த எண் மிகவும் தேவை.

டேப்லட்டைத் தனியாகக் கவனிக்க வேண்டும். கைப்பேசியை ஓயாத ஏற்ற இறக்கம் தேய்க்கிறது. பாடத்துக்கென வாங்கிய டேப்லட்டோ சார்ஜரில் மாட்டியபடியே நாள் முழுதும் 100 விழுக்காட்டில் கிடக்கிறது. சுழற்சி குறைவு, ஆனாலும் உயர்ந்த மின்னழுத்தத்தில் படலம் வளர்ந்துகொண்டேயிருக்கும், எந்தச் சீட்டும் அதைக் காட்டாது. அதற்கு மருந்து 80 விழுக்காட்டில் சார்ஜை நிறுத்தும் வசதி. சாம்சங் கருவிகள் பலவற்றில் இருக்கிறது. 2024இல் வந்த ஐபேட் ஏர், ப்ரோ இரண்டிலும் இருக்கிறது. மலிவான டேப்லட்டுகள் எல்லாவற்றிலும் இருக்கும் என்று சொல்ல முடியாது. பணம் கொடுக்கும் முன் கடையிலேயே பேட்டரி அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்துவிடலாம்.