ஒளியால் ஏவப்படும் மருந்து

உடலுட் புகுந்த மருந்து தானே தொழில் செய்யும் என்பது பொதுவாக நாம் கொண்டுள்ள எண்ணம். ஒளி வந்து ஏவுங்காறும் வாளாவிருக்கும் மருந்துகளும் உள. அவற்றுள் ஒன்று, நாட்டுமருந்துக் கடைகளில் கிடைக்கும் கார்போக அரிசியில் அடங்கியுள்ளது.

தோல் நிறமிழந்து வெண்புள்ளி தோன்றினோர்க்கு இவ்விதையைப் பூசி வெயில் காயச் செய்தல் நம் நாட்டுப் பழைய வைத்திய முறையாகும். 1933 ஆம் ஆண்டில் ஜோயிஸ், மஞ்சுநாத், வேங்கடராவ் என்னும் இந்திய அறிஞர் மூவர், இவ்விதையை ஆராய்ந்து கண்ட சோராலென் என்னும் பொருளைப் பற்றி எழுதினர். இப்பொருள் உயிரணுவின் கருவிலுள்ள மரபுப்பொருளாகிய ஏணியின் படிகளுக்கிடையே சென்று தங்கும். இருளில் அஃது யாதும் செய்யாது. 320 முதல் 400 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள புறஊதா ஒளி பட்டவுடன், ஏணியின் இருபுறத்தையும் பற்றிப் பிணிக்கும். இம்மருந்தும் ஒளியும் கூடியவிடத்தில், எஞ்சிய நிறவணுக்கள் தூண்டப்பெற்று மயிர்க்கால்களினின்று பரவி வெண்மையை நிரப்புகின்றன.

மருந்தும் ஒளியும் கூடுமிடத்திலேயே வினை நிகழ்வதால், அதன் இடத்தையும் காலத்தையும் அளவையும் மருத்துவர் வரையறுக்கலாம். அளவறியாது வெயிலில் நிற்போர்க்கோ தோல் வெந்து கொப்புளம் எழும்.

இம்முறைக்கு ஓர் எல்லையுண்டு. புறஊதா ஒளி தோலுக்குள் ஒரு மில்லிமீட்டர் ஆழமும் செல்வதரிது. அகச்சிவப்பொளி மிக ஆழ்ந்து செல்லும். ஆயினும் மருந்தை ஏவும் ஆற்றல் அதற்கில்லை. இக்குறையை நீக்க வந்தனவே நானோத் துகள்கள். நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. குருதியின் செவ்வணு ஏறத்தாழ 7,000 நானோமீட்டர் அகலமுடையது. இத்துகள்களோ சில பத்து நானோமீட்டரே. இவற்றிலுள்ள இட்டெர்பியம் 980 நானோமீட்டர் ஒளியை ஏற்று, தூலியம் அல்லது எர்பியத்துக்கு அளிக்கும். சில்லறைக் காசுகளைச் சேர்த்து ஒரு வெள்ளிப்பணமாக மாற்றுவதுபோல, அவை பல சிறு கூறுகளைத் திரட்டி ஆற்றல்மிக்க ஓரொளியாக வெளியிடும். அவ்வொளி அருகிலுள்ள மருந்தை ஏவும். 2012 இல் சிங்கப்பூர் அறிஞர் இத்தகைய துகள்களால் எலிகளின் புற்றுக்கட்டி வளர்ச்சியைத் தடுத்துக் காட்டினர். துகள்கள் உடலைவிட்டு முற்றும் நீங்குமா என்னும் ஐயம் தீராமையால், இம்முறை மனிதர்க்குரிய வழக்கமான சிகிச்சையாகவில்லை.

ஆகவே, இன்று வெண்புள்ளியுற்றோர் தாமே விதையை அரைத்துப் பூசி வெயிலில் நிற்றல் தகாது. 1823 இல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர் நம் புதுவையிலேயே உள்ளது. அதன் தோல் மருத்துவப் பிரிவை நாடுதல் நன்று. வெண்குட்டம் என்று முன்னோர் பிழைபட வழங்கிய இந்நோய்க்கும் குட்டத்துக்கும் யாதொரு தொடர்புமில்லை, அது தொற்றுவதுமன்று. கல்வி கற்ற நாம் இதனை வீடுதோறும் எடுத்துரைப்போமாக.