சீசனின் முதல் பந்தயம்

ஃபார்முலா ஒன் சீசனின் முதல் பந்தயம் கணிப்புக்கு எளிதில் பிடிபடாது. முன்னோட்டச் சோதனைகளில் எந்தக் கார் எவ்வளவு எரிபொருளுடன் ஓடியது என்பதை அணிகள் வெளியே சொல்வதில்லை; அங்கே பதிவாகும் நேரங்களை வைத்து முடிவு கட்ட முடியாது. மழையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

2005 மார்ச்சில் மெல்போர்னில் அப்படித்தான் நடந்தது. ஒவ்வொருவராக ஓடிய தகுதிச்சுற்றின் நடுவே மழை கொட்ட, நடப்புச் சாம்பியன் மைக்கேல் ஷூமாக்கர் பின்வரிசைக்குப் போனார். முதலிடத்தில் புறப்பட்ட ரெனால்ட் வீரர் ஃபிசிகெல்லா வென்றார். ஃபார்முலா ஒன்னில் கார் ஓட்டிய முதல் இந்தியரான கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயனுக்கு அதுவே அறிமுகப் பந்தயம். வேகம் குறைந்த ஜோர்டான் காரில் 12ஆம் இடத்தில் புறப்பட்ட அவர், சக அணி வீரர் மான்டெய்ரோவுக்கு முன்னால் 15ஆவதாக வந்து சேர்ந்தார். அதே ஆண்டு இண்டியானாபோலிஸில் நான்காம் இடமும் ஐந்து புள்ளிகளும் அவருக்குக் கிடைத்தன.