மக்காச்சோளத்துக்கு மலையில் கிடைத்த உறவு

மக்காச்சோளம் பிறந்த நாடு மெக்சிகோ. அங்குள்ள மலைகளிலும் தரிசுகளிலும் அதன் காட்டு உறவான தியோசிந்தே என்ற புல்லினம் வளர்கிறது. பார்வைக்கு மக்காச்சோளப் பயிரைப் போலவே இருக்கும். ஆனால் கதிர் மிகச் சிறியது. கெட்டியான ஓட்டினுள் அடங்கிய சில விதைகளே அதில் இருக்கும்.

இவ்வினத்தில், ஒரு முறை முளைத்தால் நிலத்தடித் தண்டிலிருந்து ஆண்டுதோறும் தழைக்கும் வகை ஒன்று 1910-ல் கண்டறியப்பட்டது. 1921-க்குப் பிறகு அது காட்டில் தென்படவில்லை. அற்றுப்போய்விட்டது என்றே அறிஞர்கள் கருதினர்.

வாழ்த்து அட்டையின் பயன்

அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத் தாவரவியல் அறிஞர் ஹியூ இல்டிஸ், 1976 இறுதியில் அச்செடியின் படத்தைப் புத்தாண்டு வாழ்த்து அட்டையில் அச்சிட்டு, தாவரவியல் அறிஞர்கள் பலருக்கு அனுப்பினார். மெக்சிகோவின் குவாதலஹாராவில் பேராசிரியை ஒருவர் அதை மாணவர்கள் பார்க்கும்படி மாட்டி வைத்து, தேடிப் பார்க்கச் சொன்னார். ரஃபேல் குஸ்மான் என்ற மாணவர் தேடிச் சென்று அச்செடியைக் கண்டுபிடித்தார். அத்துடன் நில்லாமல், மனாந்த்லான் மலைத்தொடரில் வளர்ந்த இன்னொரு செடியின் விதையையும் சேகரித்து இல்டிசுக்கு அனுப்பினார்.

அந்த விதைதான் புதையல். முதல் செடிக்கு 40 குரோமோசோம்கள், மக்காச்சோளத்துக்கு 20. எனவே அவ்விரண்டையும் ஒட்டுச் சேர்ப்பது கடினம். மலையில் கிடைத்த செடிக்கோ மக்காச்சோளத்தைப் போலவே 20. ஆகவே இரண்டையும் எளிதில் இனக்கலப்புச் செய்யலாம். கலப்பினமும் விதை பிடிக்கும். மக்காச்சோளத்தைத் தாக்கும் வைரஸ் நோய்கள் பலவற்றைத் தாங்கும் தன்மையும் அதற்கு உண்டு. புதிய இனம் என 1979-ல் அது உலகுக்கு அறிவிக்கப்பட்டது.

காப்பகம் உருவானது

மிகச் சிறிய பரப்பில் மட்டுமே வளரும் இச்செடியைக் காப்பதற்காக எழுந்த முயற்சி, மலையையே காப்பதில் முடிந்தது. 1987-ல் சுமார் 1,39,500 ஹெக்டேர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது.

ஆனால் வேலி போட்டு ஆட்களை வெளியேற்றினால் மட்டும் இச்செடி பிழைத்துவிடாது. மலைவாழ் விவசாயிகள் காட்டைத் திருத்தி மக்காச்சோளம் பயிரிட்டு, பிறகு தரிசாக விடும் நிலங்களில்தான் இது நன்றாகத் தழைக்கிறது. மாடுகள் மேயும் நிலத்திலும் வளர்கிறது. உழவு அடியோடு நின்று காடு மூடிக்கொண்டால், நிழலில் நலிந்துவிடும். அந்த விவசாயிகளின் சாகுபடி முறையும் இச்செடிக்கு ஒரு பாதுகாப்பே.

கணக்கெடுப்போர் சில நாள் வந்து போவார்கள். நிலத்தை நாள்தோறும் பார்ப்பவர் விவசாயி. வரப்பிலோ தரிசிலோ பயிரின் சாயலில் புதிய செடி தென்பட்டால், எல்லாவற்றையும் பிடுங்கி எறியாமல் சிலவற்றைப் பூத்து விதைக்கும் வரை விட்டுவைக்கலாம். பூவும் விதையும் கொண்ட ஒரு கிளையை வேளாண்மை அலுவலரிடம் காட்டுவது நல்லது. களையென நினைத்த செடி, நாளை ஒரு பயிரையே காக்கக்கூடும்.