டிரெயிலருக்குத் திருப்பு விளக்கு: சிக்கனமாக அமைக்கும் முறை

சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் செல்லும் ரஸ்தாவும், வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் ரஸ்தாவும் ஒரகடத்தில் சந்திக்கின்றன. 1998ஆம் வருஷத்தில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலையும், 2010ஆம் வருஷத்தில் ஒரகடத்தில் ரெனோ-நிஸ்ஸான் ஆலையும் உற்பத்தியைத் தொடங்கிய பின்னர், கண்டெய்னர் லாரிகளும் தொழிலாளர் பஸ்களும் இரவு பகலாக இவ்வழியே ஓடுகின்றன. நெல்லும் வைக்கோலும் ஏற்றிய டிராக்டர்களும் இங்கேயே செல்லவேண்டியிருக்கிறது. வயற்பாதைக்காக வலப்புறம் திரும்பும் டிராக்டரின் விளக்கைப் பாரம் மறைத்துவிட்டால், பின்னால் வேகமாக வரும் லாரிக்கு அது தெரியாது. உயிர்ச்சேதம் நேர்வது இவ்விதமே. ஆகையால் டிரெயிலரின் பின்புறத்திலேயே திருப்பு விளக்கு, அதாவது கடைகளில் இண்டிகேட்டர் எனப்படுவது, இருத்தல் அவசியம்.

விலையுயர்ந்த ஜோடனை எதுவும் வேண்டுவதில்லை. சிலர் நிறமற்ற தெளிந்த கண்ணாடியுள்ள விளக்கை அழகுக்காக வாங்குகின்றனர். அதில் ஆட்சேபணை இல்லை. ஆனால் உள்ளிருக்கும் பல்பு மஞ்சட்செந்நிறமாக இருக்கவேண்டும். 1989ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகள் அந்நிறத்தையும், நிமிஷத்திற்கு 60 முதல் 120 முறை மினுக்குவதையும் கோருகின்றன. நிறப் பல்பின் இரு முளைகள் பெரும்பாலும் நேரெதிரே இராமல் சற்று விலகியிருக்கும். சாதாரண ஹோல்டரில் அது பொருந்தாது. எனவே கண்ணாடி, ஹோல்டர், பல்பு மூன்றையும் சேர்த்துப் பார்த்தே வாங்குதல் நலம். பழைய காருக்குத் தெளிந்த கண்ணாடி போடுவோர்க்கும் இது பொருந்தும்.

விளக்குகளைப் பின்கதவில் பொருத்தலாகாது. கதவைத் தாழ்த்தினால் அவை தரையை நோக்கும். அடிச்சட்டத்தின் இரு ஓரங்களில், வைக்கோல் தொங்கி மறைக்காத இடமே தக்கது.

பெரும்பான்மையான கோளாறுகளுக்குக் காரணம் எர்த் ஆகும். மின்சாரம் திரும்பிச் செல்லும் வழியாக இழுவைக் கொக்கியை நம்பிவிடுகின்றனர். கொக்கியில் துருவும் கிரீஸும் படிந்திருப்பதால் விளக்கு மங்கும்; இண்டிகேட்டர் போட்டால் பின்விளக்கும் சேர்ந்து மினுக்கும். பாட்டரியின் நெகட்டிவ் முனையிலிருந்து ஒரு கம்பியை ஹோல்டரின் உலோகத்தில் தொட்டுப்பார்க்க, விளக்கு பிரகாசித்தால் குற்றம் எர்த்தில்தான் என அறியலாம். 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பி ஒன்றைத் தனியே பிளக் வழியாக டிராக்டருக்குக் கொண்டுவருதல் உத்தமம். இதில் சிக்கனம் பார்ப்பது வீண்.

அடுத்தது பிளாஷர். 12 வோல்ட்டில் 21 வாட் பல்பு ஒன்று 1.75 ஆம்பியர் இழுக்கும். டிராக்டரில் ஒரு பக்கத்திற்கு இரண்டு பல்புகள் இருப்பின், டிரெயிலரோடு மூன்றாகி 63 வாட் ஆகிறது. இரண்டு பல்புக்கென்றே அமைந்த பிளாஷர் இப்பாரத்தால் சூடேறிக் கெடும். மூன்று பல்புக்குரியதைக் கேட்டு மாற்றவேண்டும். எல்.இ.டி. விளக்குகளுக்கோ மின்சாரம் மிகக் குறைவாதலால், பழைய பிளாஷர் பல்பு பியூஸ் ஆனதுபோல் எண்ணிப் படபடவென்று மினுக்கும். அவற்றிற்கென உள்ள எலெக்ட்ரானிக் பிளாஷரே ஏற்றது.

கம்பிகளை ரப்பர்க் குழாயினுள் செலுத்தி அடிச்சட்டத்தோடு கட்டவேண்டும். வைக்கோற்போரின் அருகே நிறுத்தும் வண்டிகளில் எலி கடித்துவிடுவதால், பாரம் ஏற்றுமுன் ஒருவர் பின்னால் நின்று இரு விளக்குகளையும் பார்த்துக்கொள்வது வழக்கமாகவேண்டும்.