டாக்ஸியை நிறுத்திவிட்டு நடக்க வேண்டிய ஊர்

பந்தல்குடியில் ஒரு டாக்ஸியை அமர்த்திக்கொண்டு தெற்கே புறப்பட்டால், எட்டயபுரம் போய்ச் சேர ஒரு மணி நேரம்கூட ஆகாது. சுமார் 30 கிலோமீட்டர்தான். மதுரை - தூத்துக்குடி நாற்கரச் சாலை. சுண்ணாம்புக்கல் பூமி பின்தங்க, இருமருங்கும் கரிசல் விரிகிறது. எங்கு நோக்கினும் சீமைக் கருவேலம். இந்த வறண்ட மண்ணிலா கவிதையும் சங்கீதமும் விளைந்தன என்று புதிதாக வருகிறவர் வியப்பது இயல்பே.

“பாரதி வீடுதானே? அரை மணி போதும்” என்பார் டிரைவர். அவரைக் குறை சொல்வதற்கில்லை. வருகிறவர்களில் பெரும்பாலோர் வாசலில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, தூத்துக்குடிக்கோ திருச்செந்தூருக்கோ விரைகிறவர்களே.

இந்த ஊரின் பெயருக்கு ஒரு பழி உண்டு. 1799-இல் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டது முதல், காட்டிக் கொடுப்பவனுக்கெல்லாம் ‘எட்டப்பன்’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் அதே அரண்மனைதான் புலவர்களையும் வித்துவான்களையும் ஆதரித்தது. வசைச் சொல் மட்டும் நாடெங்கும் பரவ, மற்றது மறைந்து போனது நியாயமல்ல.

பாரதி 1882 டிசம்பர் 11-இல் பிறந்த வீடு இங்கேதான் இருக்கிறது. தந்தை சின்னசாமி ஐயர் இவ்வூரில் பஞ்சாலை வைத்து நஷ்டப்பட்டவர். பதினோராவது வயதில் சிறுவன் சுப்பையாவுக்கு ‘பாரதி’ என்ற பட்டம் கிடைத்ததும் இங்கேதான். 1919-இல், வறுமையின் பிடியில் இருந்த அவர் எட்டயபுரம் ராஜாவுக்குச் சீட்டுக்கவி எழுதி ஆதரவு கேட்டார். பலனில்லை. கால் நூற்றாண்டுக்குப் பிறகு கல்கி கேட்டபோது தமிழ்நாடே பணம் கொடுத்தது. 1945-இல் ராஜாஜி அடிக்கல் நாட்டினார். 1947 அக்டோபரில் அவரே மணிமண்டபத்தைத் திறந்துவைத்தார். மண்டபம் நிற்கிறது. வீட்டின் மேற்கூரையில் ஒரு பகுதியோ 2025 மார்ச்சில் இடிந்து விழுந்தது. போகிறவர்கள் முன்கூட்டி விசாரித்துக்கொண்டு போவது நல்லது.

அரை மணி இத்துடன் முடிந்துவிடும். டிரைவர் சாவியைத் திருகுவார். அப்போதுதான் காத்திருப்புக் கட்டணத்தைப் பாராமல் இறங்கி நடக்க வேண்டும்.

திருவாரூரில் பிறந்த முத்துசாமி தீட்சிதர் 1835-இல் தீபாவளியன்று உயிர் நீத்தது இவ்வூரில். அவரது சமாதி இங்கே இருக்கிறது. அவர் இந்தப் பக்கம் வந்தபோது பூமி வெடித்துக் கிடந்ததாம். மனம் உருகி அமிர்தவர்ஷிணி ராகத்தில் ‘ஆனந்தாம்ருதாகர்ஷிணி’ பாட, மழை கொட்டித் தீர்த்ததாம். செவிவழிக் கதைதான். ஆனால் பந்தல்குடியிலிருந்து இதுவரை வந்த சாலையைப் பார்த்தவர், ஏன் இந்த ஊரில் இப்படியொரு கதை பிறந்தது என்று கேட்கமாட்டார்.

தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் அரண்மனை வித்துவான். வெள்ளைக்காரர் வாத்தியமான வயலினைக் கர்நாடக சங்கீதத்துக்குப் பழக்கியவர்களில் முதல்வர் என்று அவரைச் சொல்வார்கள். அவர் வழிவந்த சுப்பராம தீட்சிதர் தொகுத்த ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ என்ற பெருநூல், 1904-இல் இந்தச் சின்ன ஊரின் அச்சுக்கூடத்திலேயே தெலுங்கில் அச்சாயிற்று. சமஸ்தானத்தின் ஆதரவு இல்லாவிட்டால் தீட்சிதர் கிருதிகளில் பல ஸ்வரக் குறிப்போடு நமக்குக் கிடைத்திருக்குமா என்பது சந்தேகமே. இன்று சபாவில் அவற்றைக் கேட்டுத் தலையாட்டுகிற ரசிகர்களில் எத்தனை பேர் எட்டயபுரத்தை நினைக்கிறார்கள்?

மூன்றாவது இடம் உமறுப் புலவரின் அடக்கத் தலம். நபிகள் நாயகத்தின் வரலாற்றை ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தங்களில் ‘சீறாப்புராணம்’ என்று பாடியவர் அவர். கடிகைமுத்துப் புலவரிடம் தமிழ் பயின்றார். இந்த அரண்மனையில் புலவராக இருந்தார். வள்ளல் சீதக்காதி அவருடைய காப்பியத்துக்குத் துணை நின்றார். அரசாங்கம் அவருக்கும் ஒரு மணிமண்டபம் எழுப்பியிருக்கிறது. சுற்றுலாக் கார்களில் வருகிறவர்களில் இங்கே எட்டிப் பார்ப்பவர் மிகச் சிலரே.

மூன்றும் ஒன்றுக்கொன்று நடந்து போகும் தூரம்தான். வெயில் தாழ்ந்த பிறகு நடந்தால் கால் வலிக்காது. டீக்கடையில் நின்று வழி கேட்டால், “முதல்ல உமறுப் புலவர் தர்கா போங்க, அப்புறம் தீட்சிதர் சமாதி” என்று வரிசை சொல்லி அனுப்புவார்கள். காரை மட்டும் பாரதி மணிமண்டபத்தருகே நிழலில் நிறுத்தச் சொல்லிவிட வேண்டும். திரும்பி வர இரண்டு மணி நேரமாகும் என்பதைப் பந்தல்குடியிலேயே டிரைவரிடம் பேசிக்கொள்வது உத்தமம்.