கதையில் வந்த கடல் மின்சாரம்

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெரிய கோபுரத்தை நீங்கள் அண்ணாந்து பார்த்திருப்பீர்கள். அதன் உயரம் 192 அடி. அதுபோல் ஆறு கோபுரங்களை ஒன்றன்கீழ் ஒன்றாகக் கடலுக்குள் இறக்குவதாகக் கற்பனை செய்யுங்கள். அடிக் கோபுரத்தின் நுனி சுமார் 350 மீட்டர் ஆழத்தில் இருக்கும். நம் பகுதிக் கடலில் மேற்பரப்பு நீரின் வெப்பநிலை ஏறத்தாழ 28 டிகிரி செல்சியஸ். அந்த ஆழத்திலோ 12 டிகிரிதான்! கதிரவனின் வெப்பம் அவ்வளவு கீழே எட்டுவதில்லை.

இந்த வேறுபாட்டால் என்ன பயன்? இதற்கு முதலில் விடை சொன்னவர்களுள் ஒருவர் ஒரு கதாசிரியர்! பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல்ஸ் வெர்ன் 1869-70இல் கடலடிப் பயணம் பற்றி ஒரு நாவல் எழுதினார். அதன் நாயகன் நீர்மூழ்கிக் கப்பல் தலைவன் நெமோ. மன்னார் வளைகுடாவில் முத்துக் குளிக்கும் இந்தியர் ஒருவரைச் சுறாவிடமிருந்து காப்பாற்றுபவனும் அவனே. வெவ்வேறு ஆழங்களில் கம்பிகளை இறக்கி, வெப்பநிலை வேறுபாட்டைக் கொண்டே மின்சாரம் பெறலாம் என்று நெமோ கூறுகிறான். ஆனால் அவன் அந்த வழியைப் பின்பற்றவில்லை. அதைவிட எளிய வழி ஒன்று தன்னிடம் இருப்பதாகச் சொல்லிவிடுகிறான்.

இது நடக்கக் கூடியதா? ராஜபாளையத்துக்கு மேற்கே மலையிலிருந்து இறங்கும் ஓடைகளை நினைத்துப் பாருங்கள். உயரத்திலிருந்து விழும் நீர் சக்கரத்தைச் சுழற்றும். சமதரையில் தேங்கிய நீர் சுழற்றாது. வெப்பமும் அப்படித்தான். சூடான இடமும் குளிர்ந்த இடமும் இருந்தால்தான் அதிலிருந்து வேலை வாங்கலாம்.

1881இல் தார்சொன்வால் என்ற பிரெஞ்சு அறிஞர் கம்பிக்குப் பதிலாக ஆவியைப் பயன்படுத்தும் வழியைக் கூறினார். அம்மோனியா போன்ற எளிதில் கொதிக்கும் திரவத்தை மேற்பரப்பு நீரின் சூட்டால் ஆவியாக்க வேண்டும். அந்த ஆவி டர்பைனைச் சுழற்றும். பிறகு ஆழ்கடல் நீரால் ஆவியைக் குளிர்வித்து மீண்டும் திரவமாக்க வேண்டும்.

ஆர்தர் சி. கிளார்க் 1956இல் இலங்கையில் குடியேறி, 2008இல் மறையும் வரை அங்கேயே வாழ்ந்த ஆங்கில எழுத்தாளர். திருகோணமலைக் கடலில் இத்தகைய மின் நிலையம் அமைவதாக அவர் 1960களில் ஒரு சிறுகதை எழுதினார். அதில் ராட்சதக் கணவாய்கள் கருவிகளைச் சேதப்படுத்துகின்றன!

உண்மையில் தடையாக நின்றது கணவாய் அன்று, குழாய். 28 டிகிரிக்கும் 7 டிகிரிக்கும் இடையே இயங்கும் எந்திரம், இயற்கை விதிப்படியே, வெப்பத்தில் நூற்றுக்கு ஏழு பங்குக்கு மேல் வேலையாக மாற்ற முடியாது. நடைமுறையில் மூன்று பங்கு கிடைத்தால் பெரிது. எனவே ஏராளமான குளிர்நீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். 1930இல் கியூபாவில் ஜார்ஜ் குளோத் அமைத்த நிலையம் 22 கிலோவாட் தந்தது; ஆனால் அதை இயக்கவே அதைவிட அதிக மின்சாரம் செலவாயிற்று!

நம் அருகிலேயே ஒரு முயற்சி நடந்தது. ராஜபாளையத்திலிருந்து சுமார் நூறு கிலோமீட்டர் தொலைவில் உள்ளது தூத்துக்குடி. அதற்கு அப்பால் கடலில், சென்னையிலுள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம் 'சாகர் சக்தி' என்ற மிதவையில் 1 மெகாவாட் நிலையம் அமைக்க முனைந்தது. 2000க்குப் பிந்தைய சில ஆண்டுகளில், சுமார் ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள குளிர்நீர்க் குழாயைக் கடலில் நிறுவ முயன்றபோது அது தோல்வியுற்றது. மின்சாரம் கிடைக்கவில்லை.

அத்துடன் முடிந்துவிட்டதா? இல்லை. அதே வெப்பநிலை வேறுபாட்டைக் கொண்டு குடிநீர் தயாரிக்கலாமே என்று அந்நிறுவனத்தார் எண்ணினர். லட்சத்தீவின் கவரத்தித் தீவில் 2005இல் ஒரு நிலையம் தொடங்கியது. அங்கே ஒரு கலத்தில் காற்றழுத்தத்தை முப்பதில் ஒரு பங்கு அளவுக்குக் குறைக்கிறார்கள். அப்போது 28 டிகிரிக் கடல்நீரே ஆவியாகிறது, உப்பு பின்தங்கிவிடுகிறது. சுமார் 350 மீட்டர் ஆழத்துக் குளிர்நீர் அந்த ஆவியை நன்னீராக்குகிறது. நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர்! நல்ல நிலத்தடி நீர் அரிதான சிறு தீவுக்கு இது எவ்வளவு பெரிய உதவி!

28 டிகிரியில் நீர் ஆவியாகுமா என்று ஐயமா? ஆசிரியர் முன்னிலையில் செய்து பாருங்கள். கொதித்து, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய நீரை, ஊசி நீக்கிய புதிய மருந்துக் குழலில் கால் பங்கு எடுங்கள். உள்ளே காற்று இருக்கக் கூடாது. முனையை விரலால் இறுக மூடி, தண்டைப் பலமாக இழுங்கள். அடுப்பே இல்லாமல் நீர் கொதிக்கும்!

கதாசிரியர் யோசனை தந்தார். அதனுள் குழாயின் சிக்கல் மறைந்திருந்தது. இந்தக் கடலிலிருந்து மின்சாரத்தை மலிவாக எடுக்கும் வழியை உங்களுள் ஒருவரே காணக் கூடாதா என்ன?